மூன்றாம் சீலமும் சர்க்கார் சட்டமும்





சென்ற பௌர்ணமியன்று வந்தனை முடிந்து யாவரும் கலைந்து செல்லும் வேளையில், கைக்குழந்தையோடு நின்றிருந்த இளம் உபாசிகை ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றார். "கேளுங்கள் அம்மா" என்றேன். "இது எனக்கு இரண்டாவது குழந்தை. இனி வேண்டாமென்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் என்னைத்தான் ஆபரேஷனுக்கு வரச் சொல்லுகிறார்கள். எனக்கு உடம்பில் இரத்தம் குறைவு, பயமாக இருக்கிறது. ஆண்களுக்கும் இந்த ஆபரேஷன் உண்டாமே, நீங்கள் செய்துகொள்ளக் கூடாதா என்று அவரைக் கேட்டேன். வீட்டிலிருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நம்முடைய தம்மம் இதைப் பற்றி ஏதேனும் சொல்லுகிறதா ஐயா?" என்று வினவினார்.

அவ்வேளையில் யான் தக்க மறுமொழி கூறவில்லை. "யோசித்துச் சொல்லுகிறேன் அம்மா" என்று அனுப்பிவிட்டேன். அவ்வாறு நாவடங்கி நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முடிவிலே கூறுவேன். அந்த உபாசிகைக்குத் தரவேண்டிய விடையே இன்றைய உரையாகும்.

இது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம், இதனை அறவுரை மேடைக்குக் கொண்டுவரலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பகவன் புத்தர் அவ்வாறு எண்ணவில்லை. தீக நிகாயத்திலுள்ள சக்கவத்தி சீகநாத சூத்திரத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அரசன் ஒருவன் நாட்டைக் காத்தான்; ஆனால் ஏழைகளுக்குப் பொருள் வழங்காது விட்டான். அதனால் வறுமை பெருகிற்று. வறுமையால் களவு பெருகிற்று. களவால் ஆயுதமும், ஆயுதத்தால் கொலையும், பின்னர் பொய்யும், கோளும், காமத்தில் நெறி தவறுதலும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன என்று அச்சூத்திரம் விரிக்கிறது. சிம்மாசனத்திலே இழைத்த பிழை படுக்கையறை வரையில் வந்து சேர்ந்தது என்பதன்றோ இதன் கருத்து? ஆகலின், அரசு இயற்றும் சட்டம் இல்லறத்தை எவ்வாறு தொடுகிறது என்று ஆராய்வது தம்மத்துக்குப் புறம்பான காரியமன்று.

நமது தேசத்தின் சர்க்கார் இல்லறத்தில் கைவைத்த வரலாற்றைச் சற்று நோக்குவோம். இப்போது நாம் வாழும் இந்தக் கன்னட நாட்டில், மைசூர் சமஸ்தான அரசு 1930-ஆம் ஆண்டிலேயே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறக்க ஆணையிட்டது. உலகில் வேறெந்த அரசும் அதற்குத் துணியாத காலம் அது. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் பம்பாய்ச் சட்டசபையில், குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகளை மக்களுக்கு அளிக்கவேண்டுமென்று ஒரு தீர்மானம் வந்தது. அதனைக் கொண்டுவந்தது போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கரின் கட்சி. அதற்குரிய உரையை எழுதியவர் பாபாசாகேப்பே. பேறுகாலத்துப் பெண் படும் வேதனையை ஆண் படவேண்டியிருந்தால், எந்த ஆணும் தன் வாழ்நாளில் ஒன்றுக்கு மேல் பிள்ளை பெற இசையமாட்டான் என்பது அவ்வுரையில் அவர் எடுத்துக்காட்டிய உண்மை. தீர்மானம் தோற்றது. சபையில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் ஆண்கள் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

பாபாசாகேப் இதனை எந்த நோக்கில் கண்டார் என்பதைக் கருதுங்கள். நாட்டில் தலைகள் மிகுந்துவிட்டன, குறைக்கவேண்டும் என்ற கணக்கோடு மட்டும் அவர் நிற்கவில்லை. பெண்ணின் வேதனை, பெண்ணின் உடல்நலம், பெண்ணின் விருப்பம் ஆகியவற்றையும் எடுத்துப் பேசினார். அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1928-இல், பம்பாய்ச் சட்ட மேலவையில் ஆலைப் பெண்களின் பிரசவ கால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அவர். மறு ஆண்டு அது சட்டமாயிற்று. சர்க்காரின் கை பெண்ணைத் தாங்கவும் கூடும் என்பதற்கு இது சான்று.

ஆனால் பின்னர் நடந்தது என்ன? 1952-இல் தேசமளாவிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை உலக நாடுகளுள் முதலாவதாக இந்தியா தொடங்கிற்று. அக்காலத்தில் ஆண்கள் விலகி நிற்கவில்லை. 1971-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கேரளத்து எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள். ஆண்மக்கள் இதற்கு ஒருபோதும் இணங்கமாட்டார்கள் என்று இன்று கூறுவோர் இந்த எண்ணிக்கையை நினைவிற்கொள்ள வேண்டும்.

அதன்பின் நெருக்கடி நிலைக் காலம் வந்தது. 1976–77 ஆகிய ஓராண்டில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் 60 இலட்சத்துக்கு மேல் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. ஆசிரியருக்கும், அலுவலருக்கும், போலீசாருக்கும் இத்தனை பேரைக் கொண்டுவா என்று கணக்கு வைக்கப்பட்டது. ஏழையும், சேரிவாசியும், கேட்க நாதியற்றவனும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். இதன் தொடர்பாக 1,700-க்கு மேற்பட்ட மரணங்களைப் பின்னர் ஷா கமிஷன் பதிவு செய்தது. மனிதனின் சம்மதமின்றி அவன் உடலிற் கத்தி வைப்பது கொடுமை. அந்தக் கொடுமைக்கு மக்கள் 1977 தேர்தலில் விடையளித்தார்கள்; அரசு கவிழ்ந்தது. குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரும் குடும்ப நலம் என்று மாற்றப்பட்டது.

நண்பர்களே, இங்கேதான் நாம் கூர்ந்து நோக்கவேண்டும். பெயர் மாறிற்று, திட்டம் நிற்கவில்லை. ஆண்மகனைத் தொட்டால் ஆட்சி போய்விடும் என்று கண்டுகொண்ட சர்க்கார், கத்தியைப் பெண்ணின் பக்கம் திருப்பிற்று. ஆண் கோபித்தால் வாக்குப் போய்விடும். பெண் அழுதால் யாருக்கு என்ன போய்விடும்? 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். மணமான பெண்களுள், தாமே அறுவை செய்துகொண்டோர் நூற்றுக்கு 38 பேர். கணவர் செய்துகொண்டோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, ஆயிரத்துக்கு 3 பேர். நாம் வாழும் கர்நாடகத்திலும், நம் முன்னோர் பிறந்த தமிழகத்திலும் மணமான பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களோ ஆயிரத்துக்கு ஒருவர் தேறுவதே அரிது. அதே ஆய்வு வேறொன்றும் கூறுகிறது. 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கே. இரத்தம் குறைந்த உடலையே மேசைமேற் கிடத்துகிறோம்; இரத்தம் நிறைந்த உடல் வராந்தாவில் பீடி பிடித்துக்கொண்டு நிற்கிறது.

2012 ஜனவரியில் பீஹார் மாநிலத்து அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்து மேசைகளின்மேல், டார்ச் விளக்கொளியில், இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு ஒரே மருத்துவர் அறுவை செய்தார். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலத்துப் பிலாஸ்பூருக்கு அருகில் ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது. அவர்களுள் பலர் மாண்டனர். மாண்டவர்கள் மாளிகைப் பெண்கள் அல்லர்; ஏழைக் குடிசைகளின் தாய்மார்கள். அராரியா நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு தேவிகா பிஸ்வாஸ் என்னும் பெண்மணி உச்ச நீதிமன்றம் சென்றார். 2016 செப்டம்பரில் நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்துமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பு முகாமை நிறுத்தக் கூடும். மேசைமேல் எப்போதும் பெண்ணே படுக்கவேண்டும் என்னும் வழக்கத்தை எந்தத் தீர்ப்பு நிறுத்தும்?

இன்னொரு சட்டத்தையும் நோக்குங்கள். இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றவர் பஞ்சாயத்துப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று சில மாநிலங்கள் சட்டமியற்றின. ஹரியானா 1994-இல் இயற்றிற்று; 2003-இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. பஞ்சாயத்துகளில் மூன்றிலொரு பங்கு பெண்களுக்கு என்று அரசியலமைப்புத் திருத்தம் ஒரு கையால் கொடுத்த அதே காலத்தில், மறு கை அதைப் பறித்தது. ஏனெனில் எத்தனை பிள்ளை என்று தீர்மானிப்பவர் கணவரும் மாமியாரும்; பதவி இழப்பவளோ மனைவி. பதவிக்காக மனைவியைக் கைவிட்டோரும், பிள்ளையைப் பிறர்க்குத் தத்துக் கொடுத்தோரும் உண்டு என்று ஆராய்ந்தோர் பதிவு செய்துள்ளனர். ஹரியானா 2006-இல் அச்சட்டத்தை நீக்கிற்று. ஆந்திரமும் 1994-இல் கொண்டுவந்ததை 2024-இல் நீக்கிற்று.

இரண்டே பிள்ளை என்று அரசு அழுத்த, அவ்விரண்டில் ஒன்றாவது ஆணாக வேண்டும் என்று குடும்பம் அழுத்த, நடுவில் நசுங்கியது பெண் சிசு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 1991-இல் 945 பெண்கள் இருந்தனர், 2001-இல் 927, 2011-இல் 920-க்கும் கீழே போயிற்று. கோசல மன்னன் பசேனதி பகவனருகே அமர்ந்திருந்தபோது, மல்லிகா தேவிக்குப் பெண் மகவு பிறந்த செய்தி வந்தது. மன்னன் முகம் வாடிற்று. அதனைக் கண்ட பகவன், பெண்மகவு ஆண்மகவினும் மேம்பட்டதாக ஆதல் கூடும் என்று அவனைத் தேற்றினார். 2,500 ஆண்டுகளுக்கு முன்னர் மன்னனுக்குச் சொல்லப்பட்ட சொல் இன்னும் நம் வீதிவரை வந்து சேரவில்லை.

இப்போது காற்று மறுபுறம் வீசத் தொடங்கியுள்ளது. தென்னாட்டில் பிறப்புக் குறைந்தது. பாராளுமன்றத் தொகுதிகள் குறைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. 2024-இல் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் முதலமைச்சர்களே கூடுதலாகப் பிள்ளை பெறுவதைப் பற்றி மேடையில் பேசினார்கள். நேற்று நிறுத்து என்றார்கள். இன்று பெறு என்கிறார்கள். நேற்றும் இன்றும் அவளை ஒரு வார்த்தை கேட்டவர் யார்? அரசுக்கு வேண்டும்போது விதைக்கவும், வேண்டாதபோது தரிசாக விடவும் பெண்ணின் வயிறு என்ன சர்க்கார் நிலமா? பிரசவ கால விடுப்பை 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள், மகிழ்ச்சியே. ஆயின் அத்திருத்தத்தில் தகப்பனுக்கு ஒரு நாள் விடுப்பேனும் சேர்க்கப்படவில்லை. பிள்ளை என்பது தாயின் வேலை என்று சர்க்காரே எழுதிக் கையொப்பமிட்டது போலாயிற்று.

அன்பர்களே! சர்க்கார் நமக்கு அந்நியமானதன்று. அது நம் வீட்டு வழக்கத்தையே சட்டமாக எழுதுகிறது. ஆண் சிரித்துக்கொண்டு விலகும் வீடுகள் நிறைந்த தேசத்தில், திட்டம் பெண்ணின்மேல் விழாமல் வேறு யார்மேல் விழும்? ஆகலின் சட்டத்தைக் கண்டிப்பதோடு நம் கடமை முடிவதில்லை.

நாம் நாள்தோறும் ஐந்து சீலம் ஏற்கிறோம். மூன்றாவது, காமத்தில் நெறி தவறாமை. இதனைப் பிறர் மனைவியை நாடாமை என்று மட்டும் சுருக்கிக்கொண்டோம். அதற்கும் மேலாக, நம் வீட்டுப் பெண்களைக் காவல் காப்பதற்குரிய சீலமாகவும் திரித்துக்கொண்டோம். மகள் யாரோடு பேசினாள் என்று கேட்கும் தகப்பன், மகன் எங்குச் சென்றான் என்று கேட்பதில்லை. சீலமென்பது தானே ஏற்பது. பிறர் தலையில் ஏற்றுவதன்று. தன் இன்பத்தால் பிறர்க்குத் துன்பம் விளையாதிருத்தலே அதன் வேர். அங்ஙனமாயின், இன்பம் இருவர்க்கும் பொதுவாயிருக்க, அதன் பயனாகிய சுமை முழுவதையும் ஒருத்தியின் உடல்மேல் ஏற்றிவிட்டு விலகுதல் நெறியாகுமா? அவள் வேண்டாமென்று சொல்லும் இரவில் அவளை வற்புறுத்துதல் நெறியாகுமா? 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும், பழைய தண்டனைச் சட்டத்தைப் போலவே, பதினெட்டு வயது நிறைந்த மனைவியைக் கணவன் வற்புறுத்துவதை வன்புணர்ச்சியினின்றும் விலக்கியே வைத்தது. சட்டம் விலக்கலாம். சீலத்தில் அவ்விலக்கு கிடையாது. சம்மதம் கேளாதவன் தன் வீட்டிலேயே மூன்றாம் சீலத்தை உடைத்தவன்.

சிகாலோவாத சூத்திரத்தில், ஆறு திசைகளை வணங்கிய இளைஞனுக்குப் பகவன் மேற்றிசையாவது மனைவி என்று விளக்கி, கணவனுக்குரிய ஐந்து கடமைகளைக் கூறினார். அவளை மதித்தல், இழிவாகப் பேசாமை, அவளுக்குத் துரோகம் செய்யாமை, அவளிடம் அதிகாரத்தை ஒப்படைத்தல், அணிகலன் அளித்தல் என்பன அவை. நான்காவதை உற்று நோக்குங்கள். அதிகாரம் என்பது அரிசிப் பானையின்மேலுள்ள அதிகாரம் மட்டுந்தானா? தன் உடலின்மேல் அதிகாரமில்லாதவளுக்குச் சாவிக்கொத்தை மட்டும் கொடுத்துப் பயன் என்ன?

ஆண்மக்கள் கூறும் தடைகள் சிலவற்றுக்கு விடை கூறுவேன். வாசக்டமி செய்தால் ஆண்மை குன்றும் என்பர்; குன்றாது. கரு உண்டாக்கும் விந்தணு செல்லும் குழாய் மட்டுமே அடைக்கப்படுகிறது, வேறொன்றும் மாறுவதில்லை. ஆலை வேலை, மூட்டை வேலை செய்ய முடியாது என்பர். சில நாட்கள் பளு தூக்காமலிருந்தாற் போதும். மூன்று மாதம்வரை வேறு தடுப்பு முறையைக் கையாண்டு, பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்கவேண்டும். இரண்டில் எது எளிது என்று எந்த மருத்துவரையும் கேட்டுப் பாருங்கள். அரசாங்கம் ஆணுக்கே கூடுதல் தொகை தருகிறது, அப்படியும் வருவாரில்லை. இது கொலையன்றோ, முதற் சீலத்துக்கு மாறன்றோ என்று கேட்போரும் உண்டு. தாய் தந்தையர் கூடுதல், தாய்க்கு உரிய காலம், பிறக்கவிருக்கும் உயிர் வந்து சேர்தல் ஆகிய மூன்றும் ஒன்றுபட்டபோதே கரு அமைகிறது என்று மஜ்ஜிம நிகாயம் கூறுகிறது. அம்மூன்றும் ஒன்றுபடுமுன் தடுப்பதில் கொல்லப்படும் உயிர் ஏது?

யான் யாரையும் பிடித்துத் தள்ளச் சொல்லவில்லை. 1976-இன் பாவத்தை நாமும் செய்யலாகாது. அறுவை வேண்டாதவருக்கு ஆணுறை உண்டு. வேறு முறைகளும் உண்டு. இருவரும் சமமாக உட்கார்ந்து பேசுங்கள் என்கிறேன். முதலில் அவள் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்.

இனி, யான் அன்று வாயடைத்து நின்றதன் காரணம். என் மனைவிக்கு இரண்டாம் மகவு பிறந்தபோது யான் பஞ்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அறுவை யாருக்கு என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. 1976-இல் நடந்ததை ஆலையின் மூத்த தொழிலாளிகள் கதை கதையாகச் சொல்லக் கேட்டு, எனக்கும் உள்ளூர அச்சம் இருந்தது. அவளுக்கும் அச்சம் இருந்திருக்கும், யான் கேட்கவில்லை. கூலி போய்விடும் என்று அன்றிரவு ஷிப்டுக்குச் சென்றேன். அவள் தையல் காய்வதற்கு முன்பே தண்ணீர்க் குடம் தூக்கினாள். ஆண்டுகள் பல கழிந்து, இந்த மேடையில் நின்று மூன்றாம் சீலத்தை விளக்கத் தொடங்கிய பின்னரும், அது சீலத்தைச் சேர்ந்த காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த உபாசிகை கேட்ட அன்று இரவுதான் என் மனைவியிடம், "அன்று உனக்குப் பயமாக இருந்ததா?" என்று கேட்டேன். "இப்போதாவது கேட்டீர்களே" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அம்மா, உங்கள் கேள்விக்கு இதுவே விடை. தம்மம் சொல்லுகிறது. நீங்கள் கேட்டது நகைப்புக்குரியதன்று; சிகாலனுக்குப் பகவன் சொன்ன நான்காம் கடமையையே நீங்கள் கேட்டீர்கள். உங்கள் கணவர் இச்சபையில் இருப்பாராயின், அவரை யான் கடிந்துகொள்ளவில்லை. யான் செய்த பிழையை அவர் செய்யாதிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உபாசகர்களே! அடுத்த பௌர்ணமியில் பஞ்சசீலம் ஏற்கும்போது, மூன்றாம் சீலத்தைச் சொல்லுமுன் ஒரு கணம் நிறுத்தி, உங்கள் இல்லத்தாளின் முகத்தை நினைந்து பின்னர்ச் சொல்லுங்கள். பாபாசாகேப் 1938-இல் சபைக்கு எடுத்துக்காட்டிய வேதனையை நம் இல்லங்களிலேனும் பகிர்ந்துகொள்வோமாயின், சட்டமும் ஒருநாள் நம்மைப் பின்தொடர்ந்து வரும்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க. மங்களம் உண்டாகுக.